வதையும் பயிற்சியும்

கடக்வாஸ்லாவில் வாழும் நமக்கு ஓட்டம் என்பது புதுமையான காட்சியன்று. பொழுது புலர்வதற்கு முன்பே ஏரிக்கரைச் சாலையில் காலடியோசை கேட்கத் தொடங்கிவிடுகிறது. ஒருபுறம் 1955-ஆம் ஆண்டில் முறைப்படி திறந்து வைக்கப்பெற்ற தேசியப் பாதுகாப்பு அகாடமி. அங்குப் பயிலும் இளைஞர்களுக்குக் காடுமேடு பாராமல் ஓடும் நெடுந்தூர ஓட்டம் பாடங்களுள் ஒன்று. மறுபுறம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1300 மீட்டர் உயரத்தில் நிற்கும் சிம்மகட் கோட்டை. விடுமுறை நாட்களில் அதன்மேல் ஓடியேறுவோர் பலர்.

இவர்களைக் கண்டு நம் நண்பர்களும் ஓடத் தொடங்கியிருப்பது மகிழத் தக்கதே. ஆனால் ஓட்டத்தோடு சில விபரீதக் கொள்கைகளும் நம் விடுதிகளுக்குள் நுழைந்துவிட்டன. பையில் செங்கல்லை நிரப்பி முதுகில் கட்டிக்கொண்டு மலையேறுவோர் உண்டு. உச்சிவெயிலில் மழைச்சட்டை அணிந்து ஓடி உடல் இளைக்க முயல்வோர் உண்டு. தண்ணீரைத் தொடாமல் ஓடுவதே வீரம் என்போரும் உண்டு. 'ஏன் இப்படி?' என்று கேட்டால், 'பெரிய ஓட்டக்காரர்களெல்லாம் இப்படித்தான் வதைத்துக்கொண்டார்கள்' என்று விடை வருகிறது.

இந்த விடை உண்மைதானா? உலகப் புகழ்பெற்ற ஓட்டக்காரர்கள் விசித்திரமான பயிற்சிகளை மேற்கொண்டது உண்மை. அந்த விசித்திரத்தால்தான் அவர்கள் வென்றார்களா என்பதே நாம் ஆராய வேண்டிய வினா. விஞ்ஞான மாணவர்களாகிய நாம் இதனை உணர்ச்சியால் அன்றிக் கணக்கினால் அளந்து பார்ப்போம்.

விசித்திரங்களின் வரலாறு

முதலில் செக்கோஸ்லோவாக்கிய நாட்டு எமில் ஸாட்டோபெக்கை எடுத்துக்கொள்வோம். 1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றவர் இவர். அதற்குமுன் மாரத்தான் பந்தயம் ஒன்றில்கூட அவர் ஓடியதில்லை! இராணுவக் காலணிகளுடன் பனியில் ஓடினார், மனைவியைத் தோளில் சுமந்து ஓடினார், மரத்திற்கு மரம் மூச்சையடக்கி ஓடி ஒருநாள் மயங்கி விழுந்தார் என்றெல்லாம் அவரைப் பற்றிக் கதைகள் வழங்குகின்றன.

ஆஸ்திரேலியாவில் பெர்ஸி செருட்டி என்ற பயிற்சியாளர் இருந்தார். போர்ட்ஸீ என்னும் கடற்கரையில் 80 அடி உயர மணற்குன்றின்மேல் தம் மாணவர்களைத் திரும்பத் திரும்ப ஓடியேறச் செய்தார். வேகாத ஓட்ஸ், உலர்ந்த பழம், கொட்டைகள் ஆகியவையே அவர் விதித்த உணவு. அவருடைய மாணவர் ஹெர்ப் எலியட், 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் 1,500 மீட்டரை 3 நிமிடம் 35.6 விநாடியில் ஓடி உலகச் சாதனையோடு தங்கம் வென்றார்.

அதே ரோம் நகரில் 800 மீட்டரை வென்றவர் நியூஸிலாந்தின் பீட்டர் ஸ்னெல். இரண்டு நிமிடத்திற்குள் முடியும் அந்தப் பந்தயத்திற்காக வாரத்திற்கு 100 மைல் ஓட வேண்டும் என்று விதித்தவர் அவருடைய பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட். அந்நாளில் இதைக் கேட்டுச் சிரிக்காதவர் குறைவு.

இம்மூவரின் முறைகளும் ஒன்றுக்கொன்று மாறுபட்டவை. ஆயினும் மூவரும் வென்றனர். அப்படியானால், வெற்றிக்குக் காரணம் மணற்குன்றோ காலணியோ அன்று; இவற்றுக்கெல்லாம் அடியில் பொதுவாக வேறொன்று இருத்தல் வேண்டும். அது எது?

உடல் வளர்வது ஓடும்போதன்று

ஓடுகின்ற நேரத்தில் உடல் வலிமை பெறுவதில்லை; இழக்கிறது. தசைநார்களில் நுண்ணிய சேதங்கள் உண்டாகின்றன. சேமித்து வைத்த சர்க்கரைச் சத்து குறைகிறது. ஓட்டம் முடிந்து, உண்டு, உறங்கும்போதுதான் உடல் அந்தச் சேதத்தைச் சீர்செய்கிறது. முன்பு இருந்ததைவிடச் சற்று உறுதியாகவே சீர்செய்கிறது. இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு பெருகுகிறது. தசைகளுக்குள் நுண்குழாய்களும், சக்தியை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் மிகுகின்றன. ஆகவே பயிற்சி என்பது தூண்டுதலும் ஓய்வும் சேர்ந்த ஒரு சோடி. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டால் அது பயிற்சியாகாது.

இதனை அளந்து நிறுவியவர்கள் ஜெர்மனியின் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளரும் ரைண்டெல் என்ற இதய மருத்துவரும் ஆவர். குறுகிய தூரத்தை வேகமாக ஓடி நாடித்துடிப்பை நிமிடத்திற்கு 180 அளவிற்கு உயர்த்துவது, பிறகு அது 120-க்கு இறங்கும்வரை இளைப்பாறுவது, மீண்டும் ஓடுவது. இதுவே இடைவெளிப் பயிற்சி. ஒன்றரை நிமிடத்தில் நாடி 120-க்கு இறங்காவிட்டால், அன்றைய பளு அளவுக்கு மிஞ்சிவிட்டது என்பது அவர்கள் கண்ட விதி. கெர்ஷ்லரின் மாணவர் ஹார்பிக் 1939-இல் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடினார். அந்தச் சாதனை 1955 வரை முறியடிக்கப்படவில்லை.

ஸாட்டோபெக்கின் உண்மையான இரகசியமும் இதுவே. 400 மீட்டரை ஓடுவது, சிறிது மெதுவாக ஓடி இளைப்பாறுவது, மீண்டும் ஓடுவது என 20 முறையில் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் ஏற்றி, இறுதியில் ஒரே நாளில் 100 முறை வரை சென்றார். செய்தியாளர்கள் மனைவியைச் சுமந்த கதையை எழுதினார்கள். ஆண்டுக்கணக்கான ஏற்றத்தை எழுதவில்லை. கதைக்கு அது சுவையற்றதல்லவா?

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. உடலின் உறுப்புகள் அனைத்தும் ஒரே வேகத்தில் வலிமை பெறுவதில்லை. இதயமும் இரத்தமும் சில வாரங்களில் முன்னேறிவிடும். தசைநாண்களும் எலும்புகளும் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதிலும் எலும்பு, புதிய பளுவுக்கு ஏற்பத் தன்னைப் புதுப்பிக்கும்போது, பழைய பகுதியை முதலில் அரித்துவிட்டுப் பிறகுதான் புதியதைக் கட்டுகிறது. ஆகையால் பயிற்சி தொடங்கிய முதற் சில வாரங்களில் எலும்பு முன்னைவிடச் சற்று வலிமை குன்றியிருக்கும். மூச்சு வாங்காத மகிழ்ச்சியில் தூரத்தை இரட்டிப்பாக்கும் இளைஞனுடைய கால் எலும்பில் மயிரிழை போன்ற வெடிப்பு விழுவது பெரும்பாலும் இந்தப் பருவத்தில்தான். செங்கற் பையைச் சுமந்து மலையிறங்குவோர் இதனை நினைவிற் கொள்வது நலம்.

நம் நாட்டு வீரர் இருவர்

மில்கா சிங்கை அறியாதார் யார்? நாட்டுப் பிரிவினையின்போது பெற்றோரை இழந்து அகதியாக வந்தவர். படையில் சேர்ந்த பின்னரே ஓட்டப் பந்தயத்தை அறிந்தவர். 1958-இல் கார்டிஃப் நகரில் 440 கஜ ஓட்டத்தில் தங்கம் வென்றார். 1960-இல் ரோமில் 400 மீட்டர் ஓட்டத்தில் ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு வேற்றுமையில் வெண்கலத்தை இழந்து நான்காமவராக வந்தார். அன்று அவர் நிறுவிய தேசியச் சாதனை 1998 வரை நின்றது. இரத்த வாந்தி எடுக்கும் வரையிலும், நினைவிழந்து விழும் வரையிலும் பயிற்சி செய்ததாக அவரே கூறியிருக்கிறார்.

இதைப் படிக்கும்போது நெஞ்சு விம்முகிறது. ஆனால் விம்மும் நெஞ்சோடு ஒரு கேள்வியும் கேட்க வேண்டும். வீரத்தின் அறிகுறியாக நாம் போற்றும் இரத்தம், மருத்துவர் கண்ணுக்கு என்னவாகத் தெரிகிறது?

1881-ஆம் ஆண்டிலேயே ஃப்ளெய்ஷர் என்ற ஜெர்மன் மருத்துவர், நெடுநடை முடித்த ஒரு படைவீரனின் சிறுநீர் கருஞ்சிவப்பாக இருந்ததைப் பதிவு செய்தார். பாதம் தரையில் ஓயாமல் மோதும்போது, உள்ளங்காலின் நுண்குழாய்களில் ஓடும் சிவப்பணுக்கள் நசுங்கி உடைகின்றன. அவற்றின் நிறப்பொருள் சிறுநீரில் கலக்கிறது. இது பெரும்பாலும் ஓய்வில் தானே சரியாகும். இதனினும் கொடியது தசைச் சிதைவு. அளவு மீறிய உழைப்பில் தசை உடைந்து, மயோகுளோபின் என்னும் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். இரண்டிலும் சிறுநீரின் நிறம் ஏறத்தாழ ஒன்றே. எது எது என்பதை ஆய்வுக்கூடந்தான் சொல்ல முடியும். ஓடுபவனின் மனவுறுதி சொல்ல முடியாது.

மில்கா சிங் வென்றது இரத்தம் கக்கியதால் அன்று. கக்கியும் உயிர் தப்பியதால். 1956-இல் மெல்போர்னில் முதற் சுற்றிலேயே தோற்றபோது, அங்கு வென்ற அமெரிக்கர் சார்ல்ஸ் ஜென்கின்ஸை அணுகி அவருடைய பயிற்சி முறையைக் கேட்டறிந்தார் என்பதையும் நாம் மறக்கலாகாது. முன்னேற்றம் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

மற்றொருவர் பீகாரின் சிவ்நாத் சிங். இவரும் படைவீரரே. வெறுங்காலோடு ஓடிய இவர், 1976-இல் மான்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் 11-ஆவது இடம் பெற்றார். 1978-இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் மாரத்தானை முடித்தார். அந்தத் தேசியச் சாதனை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அசையாமல் நின்றது. ஆனால் அவருடைய பாதம் சிற்றூரின் புழுதியில் சிறுவயது முதலே உரம் ஏறிய பாதம். பதினைந்து ஆண்டுகள் மெத்தென்ற காலணியில் வாழ்ந்துவிட்டு, நாளைக் காலை அதைக் கழற்றியெறிந்து தார்ச் சாலையில் 10 மைல் ஓடினால் நாம் சிவ்நாத் சிங் ஆகிவிடமாட்டோம். எலும்பு மருத்துவரின் வாசலில்தான் நிற்போம்.

தண்ணீரும் வெப்பமும்

தண்ணீர் அருந்தாமல் ஓடுவது பழைய மூடநம்பிக்கை. 1904-ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானை நடத்தியவர்கள், உடல் நீரின்றி எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதற்காகவே வழியில் தண்ணீர் வசதியைக் குறைத்து வைத்தார்கள். வெயில் 32 பாகையை ஒட்டியது. புறப்பட்டவர் 32 பேர். முடித்தவர் 14 பேர். வென்ற தாமஸ் ஹிக்ஸுக்கு வழியில் ஸ்ட்ரிக்னின் என்னும் நஞ்சையும் பிராந்தியையும் முட்டை வெள்ளைக்கருவையும் ஊட்டி ஓடவைத்தார்கள். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 3 மணி 28 நிமிடம் 53 விநாடி. பொறுமையாகப் பயிற்சி செய்து, தாகத்திற்கு நீர் அருந்தி ஓடும் இன்றைய சாதாரண ஓட்டக்காரர் பலர் இதைவிட விரைவாக ஓடுகின்றனர்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு ஏறத்தாழ 60 கிலோகலோரி செலவாகிறது. ஒரு மணி நேரத்தில் 10 கிலோமீட்டர் ஓடினால் 600 கிலோகலோரி. தசைகள் இதில் கால் பங்கையே வேலையாக மாற்றும். எஞ்சிய 450 கிலோகலோரி வெப்பமாகிறது. 60 கிலோ உடலின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த 50 கிலோகலோரி போதும். அந்த வெப்பம் வெளியேறாமல் தங்கினால், ஒரு மணி நேரத்தில் 9 பாகை ஏறிவிடும்! உடலின் இயல்பு வெப்பம் 37 பாகை. 40-ஐத் தாண்டினாலே மூளை தடுமாறத் தொடங்கும்.

நம்மைக் காப்பது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரியை எடுத்துச் செல்கிறது. ஆகவே மேற்சொன்ன ஓட்டத்திற்கு முக்கால் லிட்டருக்குச் சற்று மேல் வியர்வை ஆவியானால் போதும். 'ஆவியானால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். தரையில் சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. மழைச்சட்டைக்குள் அடைபட்ட வியர்வையும் அவ்வாறே. மழைச்சட்டை போட்டு ஓடியவரின் எடை குறைவது கொழுப்பு கரைந்ததாலன்று, நீர் போனதால். இரண்டு செம்பு தண்ணீர் குடித்ததும் எடை திரும்பிவிடும். வெப்பத்தால் கெட்ட உறுப்பு அவ்வளவு எளிதில் திரும்பாது.

இது ஏட்டுக் கணக்கன்று. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் ஜார்க்கண்ட் மாநிலத்தில் கலால் துறைக் காவலர் தேர்வு நடந்தது. ஆண்கள் 10 கிலோமீட்டரை 60 நிமிடத்தில் ஓட வேண்டும் என்பது விதி. நம் கணக்கில் கண்ட அதே தூரம், அதே நேரம்! வேலை ஒன்றை நம்பி ஓடிய இளைஞர்களுள் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இறப்புக்குப் பல காரணங்கள் பேசப்பட்டன. எது எவ்வாறாயினும், மாதக்கணக்கில் படிப்படியாகப் பழகாத உடல், வெப்பமான பருவத்தில், அச்சத்தோடும் ஆசையோடும் ஓடும்போது என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டுமா? காவலர் தேர்வுக்கும் படைத் தேர்வுக்கும் ஆயத்தமாகும் தம்பியர் நம் வீடுகளிலும் இருக்கின்றனர்.

ஒரு குழந்தையின் ஓட்டம்

2006-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் ஒரிஸாவின் புரி நகரிலிருந்து புவனேசுவரம் வரை 65 கிலோமீட்டரை 7 மணி 2 நிமிடத்தில் ஓடினான் புதியா சிங். அவனுக்கு அப்போது வயது நான்கு! குடிசைப் பகுதியில் பிறந்த ஏழைச் சிறுவன். பிரஞ்சி தாஸ் என்ற ஜூடோ பயிற்சியாளர் ஒருநாள் தண்டனையாக அவனை ஓடச் சொல்லிவிட்டுச் சென்றார். மணிக்கணக்கில் கழித்துத் திரும்பியபோதும் அவன் ஓடிக்கொண்டிருந்தான். அங்குதான் எல்லாம் தொடங்கியது என்பர். நாடே கைதட்டியது. ஓட்டத்தின் முடிவில் அவன் துவண்டு விழுந்தான். சோதித்த மருத்துவர்கள் அவனுக்கு ஊட்டக் குறைவும் இரத்தச் சோகையும் இதயத்தில் மிகைப்பளுவும் இருப்பதாகக் கூறினர். அரசு தலையிட்டு நெடுந்தூர ஓட்டத்தைத் தடுத்தது. பயிற்சியாளர் 2007-இல் சித்திரவதைக் குற்றச்சாட்டின் பேரில் கைதானார். அவர் அதனை மறுத்தார். 2008-இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சிறுவன் அரசு விளையாட்டு விடுதியில் வளர்ந்தான். உலகம் எதிர்பார்த்த மாரத்தான் வெற்றிகள் அவனுக்கு வாய்க்கவில்லை.

பிரஞ்சி தாஸ் அந்தச் சிறுவனுக்குச் சோறும் இருப்பிடமும் தந்தவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். கொடியவர், நல்லவர் என்று எளிதில் பிரித்துவிட முடியாத கதை இது. ஆயினும் ஒன்று தெளிவு. பயிற்சிக்கு முதல் நிபந்தனை, 'போதும்' என்று சொல்லும் உரிமை. நான்கு வயதுக் குழந்தைக்கு அந்த உரிமையும் இல்லை. அதைச் சொல்லும் அறிவும் இல்லை. எலும்பின் நுனியிலுள்ள வளர்தட்டுகள் முதிராத வயதில் பெரும்பளு ஏற்றுவது விஞ்ஞானத்திற்கும் ஒவ்வாது.

விசித்திரம் ஒரு திரை

1993-இல் சீனாவின் மா ஜுன்ரென் என்பவரிடம் பயின்ற பெண்கள் உலகச் சாதனைகளைத் தகர்த்தெறிந்தனர். வாங் ஜுன்சியா 10,000 மீட்டரை 29 நிமிடம் 31.78 விநாடியில் ஓடினார். இரகசியம் என்ன என்று கேட்டபோது, ஆமை இரத்தமும், புழுவில் முளைக்கும் ஒருவகைக் காளானும், நாள்தோறும் மாரத்தான் அளவு ஓட்டமும் என்றார் பயிற்சியாளர். உலகம் ஆமையைத் தேடி அலைந்தது. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிற்கு முன், இரத்தச் சோதனைக்குப் பின் அவருடைய ஓட்டக்காரர் அறுவர் அணியிலிருந்து நீக்கப்பட்டனர். 1995-இல் வாங்கும் அவர் தோழியரும் எழுதிய கடிதம் ஒன்று 2016-இல் வெளியாயிற்று. ஊக்க மருந்து உட்கொள்ளத் தாங்கள் கட்டாயப்படுத்தப்பட்டதாக அதில் எழுதியிருந்தனர். விந்தையான முறை ஒன்று பெரிதாக விளம்பரம் செய்யப்படும்போது, அதன் பின்னால் மறைக்கப்படுவது எது என்று கேட்பதே அறிவுடைமை.

இருபது விநாடி, ஆறு ஆண்டு

இவற்றுக்கெல்லாம் மாறான ஓர் எடுத்துக்காட்டு மராட்டிய மண்ணிலேயே இருக்கிறது. பீட் மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்து, படையில் சேர்ந்து, சியாச்சின் பனியிலும் பணிபுரிந்தவர் அவினாஷ் சாப்ளே. புனேயில் 2001-இல் தோன்றிய இராணுவ விளையாட்டு நிலையத்தின் வழிவந்தவர். 3,000 மீட்டர் தடை ஓட்டத்தில் 2018-இல் அவர் ஓடிய நேரம் 8 நிமிடம் 29.80 விநாடி, 37 ஆண்டுப் பழைய தேசியச் சாதனை அன்று வீழ்ந்தது. 2019-இல் 8:21.37. 2021-இல் 8:18.12. 2022-இல் பர்மிங்ஹாமில் 8:11.20, வெள்ளிப் பதக்கம். 2024-இல் பாரிஸில் 8:09.91. ஆறு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 விநாடி! ஆண்டுக்கு மூன்று விநாடிக்குச் சற்று அதிகம். ஆமை இரத்தம் இல்லை; மயங்கி விழும் கதை இல்லை. ஒவ்வோர் ஆண்டும் ஒரு சிறு படி. பத்திரிகைக்குச் சுவையற்ற இந்த எண்களே பயிற்சியின் மெய்யான முகம்.

ஓடும் நண்பர்களுக்குச் சில குறிப்புகள்

ஒரு நாள் கடினமாக ஓடினால் மறுநாள் எளிதாக ஓடுங்கள். எளிய ஓட்டம் என்பது பக்கத்தில் ஓடுபவரோடு பேசிக்கொண்டே ஓடக்கூடியது. காலையில் படுக்கையை விட்டு எழுமுன் நாடியை எண்ணிக் குறித்து வையுங்கள். வழக்கத்தினும் 8 அல்லது 10 மிகுந்திருந்தால் அன்று ஓய்வு. காய்ச்சலோடு ஓடாதீர்கள், இதயத் தசையே அழற்சியுறக் கூடும். புதிய வெப்பத்திற்கு உடல் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் வேண்டும். ஊரிலிருந்து விடுமுறை கழித்து வந்த மறுநாளே கோட்டையின்மேல் ஓடியேறாதீர்கள். தாகத்திற்கு நீர் அருந்துங்கள். தாகமின்றிக் குடம் குடமாகக் குடித்தால் இரத்தத்தின் உப்பு நீர்த்து அதுவும் ஆபத்தாகும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு.

சிறுநீர் கருங்காப்பி நிறத்தில் போனால் வீரம் பேசாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெயிலில் ஓடும் தோழர் தள்ளாடினாலோ உளறினாலோ அவரை நிழலில் கிடத்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி, விசிறி, பனிக்கட்டி கிடைத்தால் வைத்துக் குளிர்வியுங்கள். மருத்துவ உதவிக்கும் அதே நேரத்தில் ஆள் அனுப்புங்கள். குளிர்விப்பதில் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்பற்றது.

வலி இல்லாமல் பயிற்சி இல்லை என்பது உண்மைதான். ஆனால் வலியெல்லாம் பயிற்சி என்பது உண்மையன்று. உழைப்பால் வரும் சோர்வு உறக்கத்தில் தீரும். உறங்கி எழுந்தும் தீராத வலி உடல் நமக்கு எழுதும் கடிதம். வீட்டைவிட்டு நெடுந்தொலைவு வந்து பயிலும் நமக்கு அந்தக் கடிதத்தைப் படித்துச் சொல்ல அன்னையோ தமக்கையோ அருகில் இல்லை. ஆகவே நாமே படித்துக்கொள்வோம். அறைத்தோழனுடைய கடிதத்தையும் சேர்த்துப் படிப்போம். ஓடுவோம், நண்பர்களே, அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் ஓடக்கூடியவாறு ஓடுவோம்.